தலைச்சுற்றலின் காரணம் கண்ட டாக்டர் ராபர்ட் பாராணி



பரிசளிப்பு விழா மலர் என்றால் அதில் ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாறு இடம் பெற வேண்டும் என்பது வழக்கம். நாட்டுக்காகப் பாடுபட்டவர்கள், மொழிக்காக உழைத்தவர்கள், சமயம் வளர்த்தவர்கள் எனப் பலரைப் பற்றி நாம் எழுதியும் படித்தும் இருக்கிறோம். இவ்வாண்டு ஒரு மருத்துவரைப் பற்றி எழுத விரும்புகிறேன். மருத்துவ உலகம் முழுவதும் அறிந்த பெயர் அவருடையது. நோபல் பரிசு பெற்றவர். ஆனாலும் அவருடைய பெயர் நம் லயத்து வீடுகளுக்குள் இன்னும் வந்து சேரவில்லை. அவர் கண்டுபிடித்த விஷயமோ நம் ஒவ்வொரு வீட்டுக்கும் தேவையானது. அவர்தாம் டாக்டர் ராபர்ட் பாராணி.

ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பாயி முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரை பிடித்து வெட்டி, இரண்டு வாளிப் பாலையும் காண்டாவில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து வருவார். வழியில் ஒரு பெரிய கால்வாய். அதன் மேல் ஒற்றைப் பலகைதான் பாலம். மழை பெய்து வழுக்கும் அந்தப் பலகையில் ஒரு சொட்டுப் பால் சிந்தாமல் நடந்து வருவாராம். அப்படிப்பட்டவர், எழுபது வயதுக்கு மேல், படுக்கையிலிருந்து எழுந்தால் சுவரைப் பிடிக்க ஆரம்பித்தார். தலை கிறுகிறுக்குது என்பார். வயசானா அப்படித்தான் என்று நாங்கள் எல்லாரும் சொல்லிவிட்டோம். பக்கத்து வீட்டம்மா மந்திரித்துக் கயிறு கட்டச் சொன்னார், அதையும் செய்தோம். ஒரு நாள் குளியலறை வாசலில் விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. அதன் பிறகு, இனிமேல் எங்கேயும் நடக்க வேண்டாம், சும்மா உட்கார்ந்தே இருங்கள் என்று கட்டளை போட்டவன் நான்தான். படித்தவன் சொல்கிறானே என்று அவரும் உட்கார்ந்தார். நான் செய்த அந்தத் தவற்றை உணர்த்தியது பாராணி அவர்களின் வரலாறு. ஆகவேதான் இதை எழுதுகிறேன்.

பிறப்பும் இளமையும்

ராபர்ட் பாராணி 1876-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 22-ஆம் நாள் ஆஸ்திரியா நாட்டின் தலைநகரான வியன்னாவில் பிறந்தார். அவருடைய குடும்பம் ஹங்கேரியைப் பூர்வீகமாகக் கொண்ட யூதக் குடும்பம். தந்தையார் ஒரு பண்ணைத் தோட்டத்தின் நிர்வாகி. நம் பாஷையில் சொன்னால் தோட்டத்து மானேஜர். தாயார் பிராக் நகரத்து அறிஞர் ஒருவரின் மகள். பிள்ளைகளின் படிப்பில் தாயாரின் செல்வாக்கே மிகுதியாக இருந்தது. ஆறு பிள்ளைகளில் ராபர்ட் மூத்தவர்.

சிறு வயதிலேயே அவரை எலும்புக் காசநோய் பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்தில் காசநோய்க்கு இன்றுள்ள மருந்துகள் கிடையா. உயிர் தப்பினார், ஆனால் ஒரு முழங்கால் விறைத்துப் போய்விட்டது. வாழ்நாள் முழுவதும் அந்தக் காலை மடக்க முடியவில்லை. பிற்காலத்தில் மனிதன் எப்படி விழாமல் நிற்கிறான் என்று ஆராய்ந்தவர், தாமே ஒரு விறைத்த காலுடன் நின்றவர் என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். மருத்துவத்தின் மீது அவருக்கு ஆசை பிறந்ததற்கே இந்த நோய்தான் காரணமாக இருக்கலாம் என்பர். கால் இப்படி இருக்கிறதே என்று அவர் மூலையில் உட்காரவில்லை. டென்னிஸ் ஆடினார், மலைகளில் நடந்தார். தொடக்கப்பள்ளி முதல் வகுப்பில் முதல் மாணவராகவே விளங்கினார்.

1900-ஆம் ஆண்டில் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பிறகு ஜெர்மனி சென்று பிராங்க்பர்ட், ஹைடல்பர்க், பிரைபர்க் ஆகிய ஊர்களில் பேராசிரியர்களிடம் மேலும் பயின்றார். மூளை, நரம்பு ஆகியவற்றின் மீது அவருக்கு நாட்டம் ஏற்பட்டது அங்கேதான். வியன்னா திரும்பி அறுவை மருத்துவம் பழகினார். 1903-ஆம் ஆண்டில், காது மருத்துவத்தில் அன்று உலகப் புகழ் பெற்றிருந்த பேராசிரியர் பொலிட்சரின் காது நோய்ப் பிரிவில் வேலையில் சேர்ந்தார்.

காதுக்குள் ஒரு தராசு

அவர் கண்டுபிடித்ததைப் புரிந்துகொள்ள, காதுக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காது கேட்பதற்கு மட்டும்தான் என்று நாம் நினைக்கிறோம். அப்படியல்ல. நாம் விழாமல் நிற்பதற்கும் காது வேண்டும். காதின் உட்பகுதியில், எலும்புக்குள்ளே, ஒவ்வொரு பக்கமும் மூன்று சிறிய அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. அறையின் ஒரு மூலையைப் பாருங்கள். இரண்டு சுவர்களும் தரையும் அங்கே ஒன்றை ஒன்று சந்திக்கின்றன அல்லவா? ஏறக்குறைய அதே மாதிரி இந்த மூன்று குழாய்களும் மூன்று வெவ்வேறு திசைகளில் அமைந்திருக்கின்றன. குழாய்களுக்குள் ஒருவகைத் திரவம் நிறைந்திருக்கிறது. தலை திரும்பும்போது அந்தத் திரவம் உடனே கூடத் திரும்புவதில்லை, சற்றுப் பின்தங்குகிறது. அப்போது அங்குள்ள மிக நுண்ணிய மயிரிழைகள் வளைகின்றன. தலை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்பியது என்ற செய்தி நரம்பு வழியாக மூளைக்குப் போய்ச் சேருகிறது.

மாணவர்கள் தட்டாமாலை சுற்றி விளையாடுவீர்கள். சுற்றி முடித்து நின்ற பிறகும் உலகமே சுற்றுவது போல் இருக்கும். ஏன்? கிளாசிலுள்ள தேநீரைக் கரண்டியால் கலக்கிவிட்டுக் கரண்டியை எடுத்துவிட்டாலும் தேநீர் சற்று நேரம் சுழன்றுகொண்டே இருக்கிறது அல்லவா? அது போல நாம் நின்ற பின்பும் காதுத் திரவத்தின் ஓட்டம் உடனே நிற்பதில்லை. நாம் இன்னும் சுற்றுகிறோம் என்றே காது மூளைக்குச் சொல்லுகிறது. கண்ணோ, நிற்கிறோம் என்று சொல்லுகிறது. இரண்டு சாட்சிகளும் வெவ்வேறாகச் சொன்னால் பஞ்சாயத்து குழம்பாதா? அந்தக் குழப்பம்தான் தலைச்சுற்றல்.

இந்தக் குழாய்களின் அருகில் வேறு இரண்டு சிறு பைகளும் உள்ளன. அவற்றில் சுண்ணாம்புச் சத்தாலான பொடித் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தலை சாய்ந்திருக்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா என்று சொல்லுவது இவற்றின் வேலை.

இன்னொரு சிறு சோதனை. இந்த மலரைக் கையில் அசையாமல் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் இல்லை இல்லை என்பது போல ஆட்டிக்கொண்டே படியுங்கள். எழுத்து தெளிவாகவே தெரியும். இப்பொழுது தலையை ஆட்டாமல் மலரை அதே வேகத்தில் ஆட்டிப் படித்துப் பாருங்கள். எழுத்து கலங்கிப் போகும். முதல் முறை உங்கள் கண்ணை நிலையாகப் பிடித்து வைத்தது உங்கள் காது. காதுக்கும் கண்ணுக்கும் உள்ள இந்தத் தொடர்பைத்தான் பாராணி அவர்கள் திறவுகோலாகப் பயன்படுத்தினார்.

நோயாளி சொன்ன குறையும் புதிய உண்மையும்

காதில் சீழ் வடியும் நோயாளிகள் அந்நாளில் மிகுதி. அவர்களுடைய காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது இளம் மருத்துவர்களின் அன்றாட வேலை. பாராணியும் அதைச் செய்து வந்தார். அப்படிக் கழுவும்போது சில பேர் தலை சுற்றுகிறது என்று முறையிட்டார்கள். இது எல்லா மருத்துவர்களும் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன முறையீடுதான். பாராணி அதை அலட்சியம் செய்யவில்லை. நோயாளியின் கண்களை உற்றுக் கவனித்தார். இரண்டு கண்களும் ஒரு பக்கமாக மெல்ல நகர்வதும், மறுபக்கம் வெடுக்கெனத் திரும்புவதுமாகத் துடித்துக்கொண்டிருந்தன.

ஒரு நோயாளி, தண்ணீர் மிகவும் குளிர்ச்சியாக இருந்தால்தான் தமக்குத் தலை சுற்றுவதாகச் சொன்னார். சரி என்று அடுத்த முறை வெந்நீரைப் பயன்படுத்தினார் பாராணி. அப்போதும் தலை சுற்றியது. ஆனால் கண் துடித்த திசை தலைகீழாக மாறிவிட்டது! குளிர்ந்த நீரில் ஒரு பக்கம், வெந்நீரில் எதிர்ப் பக்கம். உடல் சூட்டுக்குச் சமமான நீரிலோ ஒன்றும் இல்லை.

காரணம் என்ன? கல்யாண வீட்டு அண்டாவில் தண்ணீர் காய்வதைப் பார்த்திருப்பீர்கள். சூடான நீர் மேலே ஏறும். குளிர்ந்த நீர் கீழே இறங்கும். காதுக் குழாயிலுள்ள திரவமும் அவ்வாறே சூட்டால் ஏறுகிறது, குளிரால் இறங்குகிறது. அந்த ஓட்டத்தை மூளை தலை சுற்றுவதாக எண்ணிக்கொள்கிறது என்று அவர் முடிவு கட்டினார். அது சரிதானா என்று சோதிக்க நோயாளியின் தலையைத் தலைகீழாகச் சாய்த்துப் பார்த்தார். அவர் எதிர்பார்த்தபடியே கண் துடிக்கும் திசையும் மாறியது.

இதனால் விளைந்த பயன் என்ன தெரியுமா? அதுவரை உள்காதின் சமநிலை உறுப்பு வேலை செய்கிறதா, கெட்டுவிட்டதா என்று ஒவ்வொரு காதாகப் பார்க்க நல்ல வழி இல்லை. இப்பொழுது வலக்காது, இடக்காது என்று தனித்தனியாகச் சோதிக்க முடிந்தது. சீழ் உள்காது வரை பரவிவிட்டதா என்பதை அறுவைக்கு முன் அறிய இது பேருதவியாயிற்று. இன்றும் காது மருத்துவமனைகளில் இந்தச் சோதனை நடக்கிறது. பிற்காலத்தவர் குளிர்ந்த நீருக்கு 30 டிகிரி, வெந்நீருக்கு 44 டிகிரி செல்சியஸ் என்று அளவு வகுத்தனர். (மாணவர்களே, இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். காதில் தண்ணீர் ஊற்றுவது ஆபத்து.)

1983-ஆம் ஆண்டில் விண்வெளி வீரர்கள், எடையே இல்லாத விண்வெளியில் இதைச் செய்து பார்த்தபோது அங்கும் கண் துடித்தது. எடையில்லாத இடத்தில் சூடான திரவம் மேலே ஏறாது; ஆகவே பாராணி சொன்ன காரணத்தோடு வேறு காரணமும் சேர்ந்திருக்க வேண்டும் என்று தெரிய வந்தது. பெரியவர் சொல்லிவிட்டார் என்று விட்டுவிடாமல் மேலும் சோதிப்பதே விஞ்ஞானம் என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

பாராணி அவர்கள் சுழல் நாற்காலி ஒன்றில் நோயாளியை உட்காரவைத்துச் சுற்றி நிறுத்தி, கண்களைக் கவனிக்கும் முறையையும் வகுத்தார். அந்த நாற்காலி அவர் பெயராலேயே வழங்குகிறது. விமானம் ஓட்டப் பயில்வோரை அதில் அமர்த்தி, கண்ணை மூடினால் நம் உணர்வு எப்படி நம்மை ஏமாற்றும் என்று காட்டுவதும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு விரலால் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டச் சொல்லி, சிறுமூளையின் நிலையை அறியும் சோதனையும் அவர் தந்ததே.

போரும் சிறையும் பரிசும்

1909-ஆம் ஆண்டில் அவருக்குத் திருமணம் நடந்தது. மனைவியார் பெயர் ஐடா. இரண்டு ஆண் மக்களும் ஒரு மகளும் பிறந்தனர்.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. விறைத்த காலுள்ள பாராணியைப் படையில் சேரச் சொல்லி யாரும் வற்புறுத்தியிருக்க மாட்டார்கள். அவரோ தாமாகவே முன்வந்து மருத்துவராகப் போனார். பிரெமிசில் என்ற கோட்டையில் தலையில் குண்டடி பட்ட வீரர்களுக்கு மருத்துவம் செய்தார். மூளையில் எந்த இடம் காயப்பட்டால் எந்த அசைவு கெடுகிறது என்பதையும் கவனித்து வந்தார். 1915-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கோட்டை ரஷ்யர் வசம் வீழ்ந்தது. பாராணியும் கைதியானார். மத்திய ஆசியாவில், இன்றைய துர்க்மெனிஸ்தானில் உள்ள மெர்வ் என்னும் ஊரின் கைதி முகாமுக்கு அவரைக் கொண்டு போனார்கள்.

அந்தக் கைதி முகாமில் இருக்கும்போதுதான் அவருக்கு நோபல் பரிசு கிடைத்த செய்தி வந்தது. 1914-ஆம் ஆண்டுக்குரிய மருத்துவப் பரிசு அந்த ஆண்டு வழங்கப்படாமல், 1915-இல் அவருக்கென அறிவிக்கப்பட்டது. உள்காதின் சமநிலை உறுப்பு எப்படி வேலை செய்கிறது, எப்படி நோயுறுகிறது என்று ஆராய்ந்ததற்காக அளிக்கப்பட்ட பரிசு அது. உலகமே பாராட்டும் பரிசு, ஆனால் பெற்றவரோ முள்வேலிக்குள்! சுவீடன் நாட்டு இளவரசர் கார்ல் செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் முயற்சி எடுத்ததன் பேரில் 1916-ஆம் ஆண்டு அவர் விடுதலை ஆனார். அதே ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரில் சுவீடன் மன்னர் கையால் பரிசைப் பெற்றுக்கொண்டார்.

ஊரார் தந்த மனக்கசப்பு

பரிசோடு வியன்னா திரும்பியவருக்கு வரவேற்பு கிடைத்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? கிடைக்கவில்லை. தமக்கு முன் ஆராய்ந்தவர்களின் பங்கை அவர் தம் நூல்களில் சரியாகக் குறிப்பிடவில்லை என்று அவருடன் வேலை செய்தவர்களே குற்றம் சாட்டினார்கள். வியன்னாவிலேயே பிராயர் போன்ற அறிஞர்கள் 1870-களில் அரைவட்டக் குழாய்களைப் பற்றி எழுதியிருந்தனர் என்பது உண்மைதான். ஆயினும் சுவீடன் நாட்டுக் காது மருத்துவர்கள் பலர் பாராணியின் பக்கம் நின்று, அவருக்காகக் கட்டுரைகள் எழுதினார்கள். பிறருடைய உழைப்பைக் குறிப்பிட மறக்கக் கூடாது. அதே சமயம் ஒருவர் உயர்ந்துவிட்டார் என்பதற்காக அவரைக் கீழே இழுக்கவும் கூடாது. இரண்டு பாடங்களும் நமக்கு வேண்டியவையே.

மனம் நொந்த பாராணி பிறந்த ஊரை விட்டுச் சுவீடனிலுள்ள உப்சாலா நகருக்குச் சென்றார். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் காது மருத்துவத்துறையை ஏற்று நடத்திப் பேராசிரியராக விளங்கினார். பிழைக்கப் போன ஊரையே சொந்த ஊராக்கிக்கொண்ட நம் முன்னோர்களைப் போல, எஞ்சிய காலம் முழுவதும் அங்கேயே வாழ்ந்தார்.

1921-ஆம் ஆண்டில், தலையை ஒரு குறிப்பிட்ட பக்கம் சாய்த்தால் மட்டும் வரும் தலைச்சுற்றலைப் பற்றி விளக்கி எழுதினார். படுக்கையில் புரண்டால், அல்லது பரண் மேல் இருப்பதை அண்ணாந்து பார்த்தால், சில விநாடிகள் வீடே சுழலும். முதியவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் தலைச்சுற்றல் இது. இதற்கும் உள்காதிலுள்ள அந்தச் சுண்ணாம்புத் துகள்களுக்கும் தொடர்பு உண்டு என்று அன்றே அவர் கருதினார். துகள்கள் தங்கள் இடத்தை விட்டு நழுவி அரைவட்டக் குழாய்க்குள் புகுந்துவிடுவதால் இது வருகிறது என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று.

கடைசிக் காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்து உடலின் ஒரு பகுதி செயலிழந்தது. அப்போதும், தசை வலி நோயைப் பற்றித் தாம் எழுதி வந்த நூலை அவர் நிறுத்தவில்லை. 1936-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள், அறுபது வயது நிரம்புவதற்குச் சரியாகப் பதினான்கு நாள் இருக்கும்போது, உப்சாலாவில் காலமானார். அவருடைய மூத்த மகன் அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பேராசிரியர் ஆனார். 1960-இல் அவர் பெயரால் ஒரு சங்கம் தோன்றியது. சமநிலை பற்றி ஆராயும் மருத்துவர்கள் பல நாடுகளிலிருந்து அதில் உறுப்பினராக இருக்கின்றனர்.

விதை ஒருவர், கனி பலர்

பாராணி நோயைச் சோதிக்க வழி கண்டார். சோதிக்க முடிந்தால்தானே சீராக்க முடியும்? அடுத்து வந்தவர்கள் அந்த வழியில் நடந்தார்கள்.

1940-களில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், இங்கிலாந்தில் காத்தோர்ன் என்ற காது அறுவை மருத்துவரும், குக்ஸி என்ற மருத்துவரும் ஓர் உண்மையைக் கவனித்தார்கள். தலையில் அடிபட்டும் உள்காது கெட்டும் தலை சுற்றும் நோயாளிகளில், அசையாமல் படுத்திருப்பவர்களை விட, எழுந்து தலையை ஆட்டி அசைத்து நடமாடுபவர்கள் சீக்கிரம் தேறினார்கள். உடனே இருவரும் அதற்கென்று பயிற்சிகளை வகுத்தார்கள். கண்ணை மட்டும் அசைப்பது, பிறகு தலையை அசைப்பது, உட்கார்ந்து எழுவது, பந்தைக் கை மாற்றி எறிவது, நடப்பது, சரிவில் ஏறி இறங்குவது என்று படிப்படியாகப் போகும் பயிற்சிகள் அவை.

இது எப்படி உதவுகிறது? நாம் நிற்பதற்குக் காது, கண், பாதமும் மூட்டுகளும் என்று மூன்று இடங்களிலிருந்து மூளைக்குச் செய்தி வருகிறது. வயதாக ஆகக் காதிலுள்ள நுண் இழைகள் குறைகின்றன, செய்தி மங்குகிறது. ஆனால் மூளை எந்த வயதிலும் கற்றுக்கொள்ளும். மங்கிய செய்தியையே திரும்பத் திரும்பக் கொடுத்தால் அதைப் படிக்கப் பழகிக்கொள்ளும். சிறு தலைச்சுற்றல் வரும் அளவுக்கு அசைத்தால்தான் அந்தப் பாடம் நடக்கும். அசையாமல் உட்கார்ந்துவிட்டால் மூளைக்குப் பாடமே இல்லை. கால் தசையும் மெலிந்து போகும். பயம் கூடும். அடுத்த விழுகை இன்னும் பக்கத்தில் வரும்.

பழக்கத்தால் இது வளரும் என்பதற்கு நம்மிடமே சாட்சி உண்டு. தலையில் கரகம் வைத்துச் சுழன்று ஆடுபவரைப் பாருங்கள். அவருக்கு நமக்கிருக்கும் அதே காதுதான். பழகிய மூளை அது, அவ்வளவே. பூங்காக்களில் காலை வேளையில் சீன முதியவர்கள் மெதுவாகக் கை கால் அசைத்துத் தைச்சி பழகுகிறார்களே, அந்தப் பயிற்சி முதியவர்கள் விழுவதைக் குறைக்கிறது என்று ஆராய்ச்சிகளும் காட்டியுள்ளன.

துகள் நழுவிய தலைச்சுற்றலுக்கோ இன்னும் எளிய வழி உண்டு. மருத்துவர் நோயாளியைப் படுக்கவைத்துத் தலையை முறைப்படி சில கோணங்களில் திருப்பித் துகள்களைக் குழாயிலிருந்து வெளியேற்றிவிடுகிறார். எப்ளி என்ற அமெரிக்க மருத்துவர் 1992-இல் விரிவாக எழுதிய முறை இது. மாத்திரை இல்லை, அறுவை இல்லை. பலருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே குணமாகிவிடுகிறது.

நாம் செய்ய வேண்டியது

என் அப்பாயியை நான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது, விழுந்து பல மாதம் கழித்துத்தான். முன்பே போயிருக்க வேண்டும். அங்கே இரத்த அழுத்தம், இனிப்பு நீர், சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் பார்த்த பிறகு பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து, கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தபடியே தலையை இட வலமாகத் திருப்ப வேண்டும். பிறகு மேலும் கீழும். அடுத்து, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும். அடுத்து, சமையல் மேசையைப் பிடித்துக்கொண்டு பாதங்களைச் சேர்த்து நிற்க வேண்டும். கடைசியாக, சுவர் ஓரமாக ஒரு பாதத்தின் விரலுக்கு முன் மறு பாதத்தின் குதிகாலை வைத்து, அந்தப் பழைய ஒற்றைப் பலகையில் நடந்தது போல் நடக்க வேண்டும். தினம் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சில நிமிடம். பக்கத்தில் கைத்தாங்கலுக்கு ஓர் ஆள் கட்டாயம் நிற்க வேண்டும்.

முதல் வாரம் தலை சுற்றுகிறது என்று அப்பாயி என்னைத் திட்டித் தீர்த்தார். போகப் போகக் குறைந்தது. சில மாதங்களில் சுவரைப் பிடிக்காமல் வாசல் வரை வந்தார். பழையபடி காண்டா தூக்கப் போவதில்லை. ஆனால் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். எனக்கு அது போதும்.

சிரம்பான் வட்டாரத்தில் கித்தா மரம் நின்ற இடங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. பல இடங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. மரம் வெட்டிய கைகள் மட்டும் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன. அவர்களில் எத்தனை பேர் தலை சுற்றலுக்குப் பயந்து நாற்காலியில் முடங்கிக் கிடக்கிறார்கள்! பெற்றோர்களே, வயசானா அப்படித்தான் என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென வாய் குழறினாலோ, கை கால் இழுத்துக்கொண்டாலோ, அது வேறு. ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள். குளியலறையில் வழுக்காத விரிப்பும் கைப்பிடியும், இரவில் ஒரு சிறு விளக்கும் வையுங்கள். டாக்டர் சரி என்றால் பயிற்சியைத் தொடங்குங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். தினமும் பள்ளி விட்டுப் போனதும் பத்து நிமிடம், உங்கள் தாத்தா பாட்டி பயிற்சி செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள். இன்று மேடையில் பரிசு வாங்கும் உங்களை நடக்கப் பழக்கியபோது பக்கத்தில் நின்றவர்கள் அவர்கள்தாம்.

ஒரு நோயாளி தலை சுற்றுகிறது என்று சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார் பாராணி. அதனால் உலகம் பயன் பெற்றது. நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லுவதை நாமும் காது கொடுத்துக் கேட்போமாக. விறைத்த காலுடன் மலையேறிய அந்த மாமனிதரின் வாழ்வு நமக்கு வழிகாட்டட்டும். பரிசு பெறும் மாணவர்கள் அனைவருக்கும் என் நல்வாழ்த்துகள்.